உழவர்கள் கல்லில் கட்டிய ஊர்கள்: வடசிரியப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, அலெப்போ

அலெப்போவுக்கு வருகிறவர்கள் முதலில் கோட்டைக்குத்தான் போவார்கள். நானும் போனேன். நகரின் நடுவே குன்று, அதைச் சுற்றி அகழி, வாசலுக்கு ஏறிப்போகும் கற்பாலம். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நகரம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் தெருத்தெருவாக இடிந்து கிடக்கிறது. 2012-இல் எரிந்துபோன பழைய சந்தையில் சில தெருக்களைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். வளைவுக் கூரைக்குக் கீழே கடைகள் திறந்திருக்கின்றன.

ஒரு சோப்புக் கடையில் வெகுநேரம் நின்றேன். அலெப்போ சோப்பில் ஒலிவ எண்ணெயும் லாரல் எண்ணெயும்தான் முக்கியச் சேர்மானம். மாதக்கணக்கில் காயவைத்த கட்டி வெளியே மண்ணின் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. கடைக்காரர் ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டினார். உள்ளே பச்சை. “ஒலிவ மரம் இல்லையென்றால் அலெப்போவே இல்லை” என்றார். அந்த ஒலிவ மரம் கட்டிய ஊர்களைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

அலெப்போவுக்கு மேற்கே, ஒரொன்டீஸ் ஆறு வரைக்கும், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன சுண்ணாம்புக்கல் மலைகள். உயரமான மலைகள் அல்ல. இந்த மலைகளில் ஏறக்குறைய 700 பழைய ஊர்கள் இருக்கின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரை, ரோமானிய, பைசாந்திய ஆட்சிக் காலங்களில் வாழ்ந்த கிராமங்கள். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவற்றில் சுமார் 40 ஊர்களை எட்டுத் தொகுதிகளாக்கி 2011-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டில்தான் சிரியாவில் போர் மூண்டது. 2013-இல் நாட்டின் மற்ற ஐந்து மரபிடங்களோடு இவையும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தன.

பழங்காலம் என்றால் நம் கண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரசன் கட்டியது, இல்லையென்றால் கடவுளுக்குக் கட்டியது. அந்த அரசனுக்கு வரி கட்டியவன் எந்த வீட்டில் படுத்தான், மாட்டை எங்கே கட்டினான், தண்ணீரை எதில் சேர்த்தான் என்பதெல்லாம் மண்ணோடு போய்விடும். இங்கே போகவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய உழவர் வீடுகள் இரண்டு மாடி உயரத்துக்கு, சன்னலும் நிலையுமாக நிற்கின்றன. எனக்குத் தெரிந்து உலகில் வேறெங்கும் இத்தனை எண்ணிக்கையில் இப்படி இல்லை.

சனி, கலாத் சிமான்

வண்டிக்காரர் ஜபல் ஸாவியா மலைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். போர்க்காலத்தில் துருக்கி எல்லையோரக் கூடார முகாமில் குடும்பத்தோடு பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2024 டிசம்பரில் ஆட்சி மாறிய பிறகு ஊர் திரும்பியவர். என்னை “உஸ்தாத்” (ஐயா) என்றுதான் அழைக்கிறார். அதிகம் பேசமாட்டார். வழியில் எந்தத் தோப்பைக் கடந்தாலும் அது யாருடையது, எவ்வளவு காய்க்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருவார்.

தாரத் இஸ்ஸா ஊரைத் தாண்டி மலை ஏறினால் கலாத் சிமான், தூண் துறவி சிமியோனின் பேராலயம். சிமியோன் ஐந்தாம் நூற்றாண்டுக்காரர், சுமார் 390-இல் பிறந்தவர். இந்தக் குன்றின் மேல் ஒரு கல்தூணில் ஏறி நின்றார். தூணின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய், 459-இல் இறக்கும்வரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதன் மேலேயே வாழ்ந்தார். வெயில், மழை, பனி எல்லாம் மேலேதான். அவரை நேரில் கண்ட தியோடரெட் என்ற ஆயர் எழுதிவைத்திருக்கிறார்: துறவி தொழும்போது நெற்றி கால்விரலைத் தொடும் அளவுக்குக் குனிந்து நிமிர்வார். தன்னோடு வந்த ஒருவர் அதை எண்ண ஆரம்பித்து, 1,244 வரை எண்ணிவிட்டுத் தளர்ந்து நிறுத்திக்கொண்டாராம். பிற்பகலானால் துறவி கீழே நிற்கும் மக்களோடு பேசுவார், அவர்களுடைய வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். சுற்றுவட்டாரத்து உழவர்கள் வரப்புத் தகராறையும் கடன் தகராறையும் சுமந்துகொண்டு இந்தக் குன்றேறியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் இறந்த பிறகு, பேரரசன் ஸீனோவின் காலத்தில், ஏறத்தாழ 476-க்கும் 490-க்கும் இடையில் எழுந்தது இந்த ஆலயம். தூணை நடுவில் வைத்து எண்கோண மண்டபம். அதிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு நீண்ட ஆலயங்கள், சிலுவை வடிவில். எண்கோணத்தின் எட்டு வளைவுகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம். போதிகைகளில் செதுக்கிய அகாந்தஸ் இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. மேற்கிலிருந்து இந்தக் குன்றில் ஓயாமல் வீசும் காற்றைக் கல்தச்சர் அந்த இலைக்குள் இறக்கிவிட்டார். நான் நின்ற நேரத்திலும் அதே காற்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

தூணில் மிஞ்சியிருந்தது அடியில் ஒரு பாறைக்கட்டி. யாத்திரை வந்தவர்கள் நூற்றாண்டுகளாகச் சிறுசிறு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போனதில் உருண்டு திரண்டு போன கட்டி. 2016 மே மாத வான்தாக்குதலில் அதுவும் சேதமானது. கிழக்கு ஆலயத்தின் அரைவட்ட மாடம் நிற்கிறது. கிறித்தவத்தில் சேர்கிறவர்களுக்கு நீர்முழுக்குக் கொடுத்த தனி மண்டபமும் நிற்கிறது. மண்டபத்துக்குப் போகும் பாதையில் யாரோ புதையல் தேடித் தோண்டிய குழிகள். எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும் இந்தக் குழிகளைப் பார்க்கிறேன். குண்டு விழுந்ததைவிட இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. குண்டு ஒருநாள் நின்றுவிடும்.

கீழே அடிவாரத்தில் தெய்ர் சிமான். பழைய பெயர் தெலனிஸோஸ். சிமியோன் வந்தபோது அது ஒரு விவசாயக் கிராமம். பிறகு யாத்திரைக் கூட்டம் அதை மாற்றிவிட்டது. மூன்று மடங்கள், சத்திரங்கள், கடைகள். சத்திரம் ஒன்றின் கல்வெட்டில் 479 என்று ஆண்டு இருக்கிறது. அங்கிருந்து மேலே போகும் யாத்திரைப் பாதையின் நுழைவாயில் வளைவு இன்றும் தலை நிமிர்ந்து நிற்கிறது. சத்திரத்துத் தாழ்வாரத் தூண்கள் வழவழப்பே இல்லாத சதுரக் கட்டைகள். சன்னல் விளிம்பில்கூட ஓர் அலங்காரம் கிடையாது. மேலே அரசன் காசில் இழைத்த இலைகள், கீழே ஊர்க்காரர் காசில் நட்ட சதுரத் தூண்கள். எனக்குப் பிடித்தது கீழே உள்ளது.

ஞாயிறு, பாபிஸ்காவும் பாகிர்ஹாவும்

காலையில் ரோமானியச் சாலை. அந்தக் காலப் பெருநகரமான அந்தியோக்கியாவிலிருந்து (இன்று துருக்கியின் அந்தாக்யா) கின்னஸ்ரீன் நகருக்குப் போன பழைய பாதையில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு அப்படியே மிஞ்சியிருக்கிறது. பாளம் பாளமான சுண்ணாம்புக் கற்கள், சில இடங்களில் ஒரு மீட்டர் தடிப்புக்கு. இந்தச் சாலையில்தான் மலைகளின் எண்ணெய் அந்தியோக்கியாவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து மத்தியதரைக் கடல் தூரமில்லை.

பாப் அல்-ஹவா எல்லைச் சாவடிக்கு அருகில், மலைச்சரிவில் அடுத்தடுத்து ஊர்கள். பாபிஸ்காவில் இரண்டு ஆலயங்கள், குளியல் மண்டபம், வீடுகள். கிழக்கு ஆலயத்தைக் கட்டிய கொத்தனாரின் பெயர் கல்லில் இருக்கிறது: மார்க்கியானோஸ் கிரிஸ். கி.பி. 400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த மலையிலேயே பல ஆலயங்களைக் கட்டியவர். நடந்துபோகும் தூரத்தில் உள்ள தார் கீதாவிலும் அவர் பெயர் கிடைத்திருக்கிறது. ஓர் ஊர் வேலை முடிந்ததும் அடுத்த ஊர்க்காரர்கள் வந்து கூப்பிட்டிருப்பார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்து ஒரு கிராமத்துக் கொத்தனாரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது, பெரிய விஷயம்.

இந்த ஊர்க்காரர்கள் வாசல் நிலையின் மேற்கல்லில் எழுதிவைக்கும் வழக்கம் உள்ளவர்கள். பெரும்பாலும் கிரேக்கத்தில், சில இடங்களில் இந்தப் பகுதியின் பழைய மொழியான சிரியாக்கில். ஒரு வட்டத்துக்குள் சிலுவை, “கடவுள் ஒருவரே” என்ற வரி, கட்டியவர் பெயர், ஆண்டு. ஆண்டு அந்தியோக்கிய நாட்காட்டியில் இருக்கும். அது கி.மு. 49-இல் தொடங்குகிறது. அந்தக் கணக்கைக் கழித்துப் பார்த்தால் எந்த வீடு எந்த ஆண்டு கட்டியது என்று சொல்லிவிடலாம். வீட்டு வாசலில் பெயர் பொறித்துக்கொள்வதற்கு வீடு சொந்தமாக இருக்க வேண்டும், கையில் காசும் மிஞ்ச வேண்டும். கொத்தடிமைகள் இப்படி எழுத மாட்டார்கள்.

பாகிர்ஹாவில் சரிவின் மேல் ஒரு பழைய ஜீயஸ் கோயில். அதன் வாயிலில் 161-ஆம் ஆண்டு பொறித்திருக்கிறது. கிறித்தவம் வருமுன் இந்த மலை கும்பிட்ட சாமி. கோயிலைச் சுற்றி இன்று தார்ப்பாய்க் கூடாரங்கள். போரில் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள். ஆட்சி மாறியதும் நிறையப் பேர் திரும்பிவிட்டார்கள். வீடு தரைமட்டமானவர்கள் இன்னும் இங்கேதான்.

ஒரு குடும்பம் தேநீருக்கு அழைத்தது. கூடாரத்தின் பின்சுவர் பழைய வீட்டுச் சுவர், முன்பக்கம் தார்ப்பாய். தார்ப்பாயை இழுத்துக் கட்டிய கயிறு ஒரு கல்லில் இருந்த துளைக்குள் நுழைந்து வெளியே வந்திருந்தது. அந்தத் துளை பழைய ஊர்க்காரர் மாடு கட்டுவதற்குக் கல்லின் விளிம்பில் குடைந்தது. பக்கத்து அறையில் வரிசையாகக் கல்தொட்டிகள், தீவனத் தொட்டிகள். அவற்றில் இப்போது செம்மறிகள் தீவனம் தின்றுகொண்டிருந்தன. தொட்டியின் உதடு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எந்தக் காலத்துக் கழுத்துகள் உரசித் தேய்ந்ததோ.

“உங்கள் வீடு எப்படி இருக்கிறது அம்மா?” என்று வண்டிக்காரரைக் கேட்கச் சொன்னேன். வீட்டுக்கார மூதாட்டி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“சுவர் இருக்கிறது மகனே. கூரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பிக்காக.”

“திரும்பிப் போவீர்களா?”

“மரம் இருந்தால் போவோம். மரத்தையும் வெட்டிவிட்டார்கள். என் பேரன் கன்று வைக்கப் போயிருக்கிறான். கன்று காய்க்க எத்தனை வருஷம் என்று உங்களுக்குத் தெரியுமா?”

பழங்காலச் சின்னத்தில் மக்கள் குடியிருக்கிறார்கள், சேதமாகிறது என்று செய்திகளில் கண்டிப்பாக எழுதுகிறார்கள். சேதம் உண்மைதான், சில கற்களைப் பெயர்த்து அடுப்புக் கூட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் இவர்களைத் துரத்திவிட்டுக் காப்பாற்ற வேண்டிய மரபு என்று எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. முதலில் இவர்களுக்கு வீடு. கல் அதற்குப் பிறகு.

திங்கள், கல்ப் லோசே

ஜபல் அல்-அலா மலையில், ட்ரூஸ் என்ற சிறுபான்மைச் சமயத்து மக்களின் ஊர். ஐந்தாம் நூற்றாண்டு நடுப்பகுதியில் கட்டிய ஆலயம் ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது. முகப்பில் இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கு இடையே ஒரு பெரிய வளைவு. ஐரோப்பாவின் இரட்டைக் கோபுரத் தேவாலயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை முன்னோடி என்று காட்டுவதுண்டு. நெருங்கி நெருங்கித் தூண் நடுவதற்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒருசில கனத்த தூண்களை மட்டும் நிறுத்தி, அகன்ற வளைவுகளால் இணைத்திருக்கிறார்கள். அதனால் உள்ளே இடம் விரிந்து கிடக்கிறது.

2015 ஜூனில் இந்த ஊரில் ஆயுதக் குழுவினர் குறைந்தது 20 ட்ரூஸ் மக்களைச் சுட்டுக்கொன்றார்கள். ஊர்க்காரர் யாரும் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆலயத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்த அத்திப்பழத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

செவ்வாய், செர்ஜில்லா

இட்லிப் நகரத்துக்குத் தெற்கே அரிஹா, அதற்கும் தெற்கே ஜபல் ஸாவியா. வண்டிக்காரருக்குச் சொந்த மண். 2020 தொடக்கத்திலிருந்து 2024 முடிவு வரை போர்முனை இந்த மலையை ஒட்டித்தான் இருந்தது. சாலையோரம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். கண்ணிவெடி. “நான் மிதித்த இடத்தில் மட்டும் மிதியுங்கள் உஸ்தாத்” என்றார். இங்கே வர நினைப்பவர்கள் உள்ளூர் ஆள் துணையில்லாமல் தயவுசெய்து பாதையைவிட்டு இறங்காதீர்கள்.

அத்தியும் செர்ரியும் ஒலிவமும் பேர்போன மலை இது. இன்று பல சரிவுகள் மொட்டை. விறகுக்காக வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டையிலிருந்து சில இடங்களில் பக்கக் கிளை துளிர்த்திருக்கிறது. இந்த ஆண்டு மழையும் பொய்த்துவிட்டது. மிஞ்சிய மரங்களிலும் காய்ப்பு இல்லை.

செர்ஜில்லா ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். சாம்பலும் வெள்ளையுமான சுவர்கள், முக்கோணமாகக் கூர்ந்து நிற்கும் பக்கச் சுவர்கள், மேலே கூரை இல்லை. கூரை மரச்சட்டத்தில் ஓடு வேய்ந்தது, அது எப்போதோ விழுந்துவிட்டது. கல் மட்டும் அப்படியே. சாந்து பூசாமல், கல்லோடு கல் பொருந்தச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். இடுக்கில் நகம் நுழையவில்லை.

இங்கே நாள் முழுக்க இருந்தேன். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உயரமான மதிலுக்குள் முற்றம். தெரு பக்கம் சன்னலே இல்லை. முற்றத்துப் பக்கம் இரண்டு அடுக்குத் தாழ்வாரம், தூண்களோடு. கீழ்த்தளம் கால்நடைக்கும் பண்டத்துக்கும், மேல்தளம் குடும்பத்துக்கு. மேல்தளத் தரை மரத்தால் ஆனது. விட்டங்களைச் செருகிய சதுரக் குழிகள் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடுகின்றன. சுவருக்குள் ஒரு சிறு மாடம், விளக்கு வைக்க. முற்றத்தில் பாறையைக் குடைந்த மழைநீர்த் தொட்டி, வாயில் வட்டக் கல். இந்த மலையில் ஊற்று அரிது. கூரையில் விழும் மழை, முற்றத்தில் விழும் மழை அத்தனையும் தொட்டிக்குள் இறங்கும்படி வாட்டம் பார்த்து வைத்திருக்கிறார்கள். தொட்டி வாய்க்கல்லில் கயிறு அறுத்த தடம் விரல் ஆழத்துக்குப் பள்ளமாக இருந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

அடுத்து எண்ணெய் ஆலை. பாதி பாறையைக் குடைந்தது, பாதி கட்டியது. ஒரு பக்கம் வட்டக் கல்தொட்டி. அதில் உருளைக்கல்லை ஓட்டி ஒலிவப் பழங்களை நசுக்குவார்கள். நம் ஊர்ச் செக்குபோல ஒரே இடத்தில் ஆட்டி எண்ணெய் எடுக்கும் முறை அல்ல இது. நசுக்குவது ஒரு வேலை, பிழிவது தனி வேலை. நசுக்கிய சாந்தைக் கூடைகளில் நிரப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சுவரில் ஆழமான குழி ஒன்று இருக்கிறதே, அதில் நீண்ட மரவிட்டத்தின் ஒரு முனையைச் செருகி, மறுமுனையில் கனத்த கல்லைத் தொங்கவிட்டுக் கீழிழுப்பார்கள். நடுவில் மாட்டிய கூடைகளிலிருந்து எண்ணெயும் பழத்தின் நீரும் கலந்து வழிந்து தரைக்கால்வாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்குப் போகும். எண்ணெய் மேலே மிதக்கும், அகப்பையால் வழித்துக்கொள்வார்கள். விட்டக்குழி, கால்வாய், கீழ்த்தொட்டி மூன்றும் என் முன்னால் அப்படியே. எடைக்கல் மட்டும் பெயர்ந்து மூலையில் கிடந்தது, பக்கவாட்டில் புறாவின் வால்போல விரியும் வெட்டோடு.

இத்தனை ஆலைகளைக் கண்ட ஜார்ஜ் சாலெங்கோ என்ற ஆய்வாளர் 1950-களில் வெளியிட்ட பெருநூலில் சொன்னது: இந்த ஊர்களெல்லாம் ஒலிவ எண்ணெயை மட்டுமே நம்பி, கடல் கடந்த வியாபாரத்தால் செழித்தவை, ஏழாம் நூற்றாண்டுப் படையெடுப்புகளில் கடல்வழி அறுந்ததும் பிழைப்பில்லாமல் காலியானவை. வெகுகாலம் இதுவே பாடம். பிறகு ஜார்ஜ் டாட் ஆயிரக்கணக்கான அறைகளை அளந்து வேறொன்றைச் சொன்னார்: கோதுமை, திராட்சை, காய்கறி, ஆடுமாடு என்று எல்லாம் செய்த சிறு உழவர்கள் இவர்கள், ஆள் பெருகப் பெருக வீட்டுக்கு ஓர் அறை சேர்த்துக் கட்டினார்கள். ஆறாம் நூற்றாண்டு நடுவில் கட்டுவது தேங்கியது. 526-இல் அந்தியோக்கியாவில் நிலநடுக்கம், 540-இல் பாரசீகர் அந்த நகரைச் சூறையாடியது, 541-இல் தொடங்கிய கொள்ளைநோய். தெஹெஸ் என்ற ஊரைத் தோண்டிப் பார்த்ததில் அரபுப் படைகள் வந்த பிறகும் மக்கள் இருநூறு ஆண்டுக்கு அங்கேயே வாழ்ந்திருப்பது தெரிந்தது. ஆக, ஒரே நாளில் யாரும் ஓடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குறைந்திருக்கிறார்கள். அறைகளைப் பார்த்த எனக்கு டாட் சொல்வதுதான் மனதுக்குப் பொருந்துகிறது. வீடுகள் ஒரே வரைபடத்தில் கட்டியவை அல்ல. ஒரு அறை, அதன் தோளில் இன்னொன்று, கல்லின் நிறம் மாறும் இடத்தில் மூன்றாவது. பிள்ளைக்குக் கல்யாணமாகும்போது சேர்த்த அறையாக இருக்கலாம்.

ஊர் நடுவில் குளியல் மண்டபம். 473-இல் யூலியானோஸ் என்பவரும் அவர் மனைவி தோம்னாவும் கட்டிக் கொடுத்தது. 1899-இல் அமெரிக்க ஆய்வுக் குழு வந்தபோது தரையில் அதைச் சொல்லும் மொசைக் கல்வெட்டைக் கண்டு படியெடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து வந்து பார்த்தபோது மொசைக் இல்லை. படியெடுத்திராவிட்டால் தோம்னாவின் பெயர் நமக்குத் தெரிந்தே இராது. பக்கத்தில் ஆண்கள் கூடிப் பேசும் மன்றம், முகப்பில் இரண்டடுக்குத் தாழ்வாரம், முழுசாக நிற்கிறது. தண்ணீர் மழையிலிருந்து மட்டுமே கிடைக்கும் ஊரில் பொதுக்குளியல் மண்டபம் என்றால் அந்த ஊரின் தெம்பை நினைத்துப் பாருங்கள்.

மன்றத்தின் உள்சுவரில் கரி படிந்திருந்தது. போர்க்காலத்தில் குடும்பங்கள் தங்கி அடுப்பெரித்த தடம். வண்டிக்காரர் அதைக் காட்டிவிட்டு, “எங்கள் ஊர்க்காரர்கள்தான். ஆறு வீட்டு ஆட்கள் இங்கே பதுங்கினோம். வானத்திலிருந்து பார்த்தால் இது இடிந்த ஊர்தானே, திரும்ப இடிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம்” என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

புதன், அல்-பாரா, ருவைஹா

அல்-பாரா இந்த ஊர்களிலேயே பெரியது. பழைய ஊர் ஒலிவத் தோப்புகளுக்குள் சிதறிக் கிடக்கிறது. வரப்புக்குப் பழைய வீட்டுக் கல், தோப்பு வாசலுக்குப் பழைய நிலை. இடையில் திடீரென்று பிரமிடு கூரை போட்ட கல்லறை மாளிகை. நாற்புறமும் இலைக்கொடிப் பட்டை செதுக்கியது, உள்ளே பெரிய கல் ஈமப்பேழைகள். ஆறாம் நூற்றாண்டு ஊர்ப் பணக்காரர்களுடையது.

இங்கே ஒரு திராட்சை ஆலை வாசலில் இலத்தீன் செய்யுள் இருக்கிறது. மதுக்கடவுள் பாக்கஸ் தந்த அமுதச்சாறு இது, வெயிலில் கொழுத்த கொடி பெற்றது என்று பொருள். ஒலிவம் மட்டும்தான் என்ற வாதத்துக்கு இந்த ஒரு வாசலே பதில். இங்குள்ள ஆலைகளில் பல திராட்சைக்கானவை என்று இப்போது சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மற்ற ஊர்கள் காலியான பிறகும் அல்-பாரா பிழைத்திருந்தது. மசூதிகள் எழுந்தன, கோட்டை எழுந்தது. 1098-இல் சிலுவைப் போர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பழைய ஊரை ஒட்டி இன்றைக்கும் அதே பெயரில் ஊர் இருக்கிறது. காலையில் ஒரு தகப்பனும் மகளும் குச்சியால் கிளையைத் தட்டி ஒலிவம் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். விரித்த துணியின் ஒரு மூலைக்குப் பாரமாகப் பழைய தூணின் துண்டு. துணியில் விழுந்தது கைப்பிடி அளவுக்கு மேல் இல்லை. பிற ஆண்டுகளில் ஒரு மரத்துக்கு மூட்டை நிரம்புமாம்.

பிற்பகல் ருவைஹா. பிஸ்ஸோஸ் ஆலயமும் அதை ஒட்டிக் குவிமாடம் போட்ட பிஸ்ஸோஸின் கல்லறையும். வாசலில் அவர் சார்பில் எழுதியிருப்பது: நன்றாக வாழ்ந்தேன், நன்றாக வந்து சேர்ந்தேன், நன்றாக ஓய்கிறேன், எனக்காக வேண்டுங்கள். ஆலயத்துக்குள் ஆட்டுப் புழுக்கை. இடையர் வீட்டுப் பையன் ஒருவன் எங்களுக்கு வழிகாட்டி வந்தான். எந்தச் சுவர் ஆடுகிறது, எதன் கீழே நிற்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு பல சுவர்களை இப்படி எச்சரிக்கையாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மரபுத் துறைக்கு ஆள் வேண்டுமென்றால் இந்தப் பையனைத்தான் முதலில் வேலைக்கு எடுக்க வேண்டும்.

வியாழன், மஅர்ரத் அல்-நுமான்

நகரம் பாதிக்குமேல் கூரையில்லாமல் இருக்கிறது. கடைத்தெருவில் ரொட்டிச் சூளை எரிகிறது, அதற்குமுன் வரிசை. கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி பிறந்த ஊர் (973–1057). சிறுவயதில் அம்மை கண்டு பார்வை இழந்தவர்; புலால், பால், முட்டை, தேன் எதுவும் உண்ணாமல் வாழ்ந்தவர். 2013-இல் ஆயுதக்காரர்கள் அவர் சிலையின் தலையை வெட்டினார்கள்.

முராத் பாஷா சத்திரம் உஸ்மானியர் காலத்தது. மலை ஊர்களின் மொசைக் தரைகளைக் கொண்டுவந்து இங்கேதான் அருங்காட்சியகமாக்கினார்கள். போர் நெருங்கியபோது உள்ளூர்த் தொல்லியலாளர்களும் தன்னார்வலர்களும் ஒவ்வொரு மொசைக்கின் மேலும் நீரில் கரையும் பசையால் துணி ஒட்டி, முன்னால் மணல்மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். தெருவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் மூட்டை சுமந்திருக்கிறார்கள். 2015 ஜூனில் சத்திரத்தின் மேலேயே பீப்பாய்க் குண்டு விழுந்தது. முற்றம் சிதைந்தது, மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தவற்றில் பெரும்பகுதி பிழைத்தது.

செர்ஜில்லாவில் தோம்னாவின் மொசைக் சண்டை எதுவும் இல்லாத காலத்தில் காணாமல் போயிற்று. இங்கே குண்டுக்கு நடுவில் மொசைக்குகள் தப்பின. ஆட்கள் இருந்தார்கள், அதுதான் காரணம். யுனெஸ்கோ பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் அந்த மலையில் ஒரு கல்லும் காப்பாற்றப்படவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் சம்பளம் வாங்கும் ஒரு காவலாள், கண்ணிவெடி எடுக்கும் குழு, கூடாரத்தில் இருப்பவர்களுக்கு வீடு, வெட்டிய தோப்புக்குக் கன்று. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பெரிய ஆலயத்தைத் திரும்ப நிறுத்துவதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திரும்ப நிறுத்தும் திட்டங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

மதியம் வண்டிக்காரர் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். இரண்டு அறைக்குக் கூரை போட்டாயிற்று, மூன்றாவதற்குக் கம்பி வாங்கப் பணம் சேர்க்கிறார். தட்டில் ரொட்டி, ஸாத்தர் என்ற மூலிகைப்பொடி, போன ஆண்டு எண்ணெய். கரும்பச்சை, தொண்டையில் இலேசாகக் காரமாக இறங்கியது. இந்த ஆண்டு ஆலைக்கு எடுத்துப்போக ஒன்றும் இல்லை என்றார் அவர் மனைவி. அடுத்த மழையைப் பொறுத்து இருக்கிறது.

நாளை காலைப் பேருந்தில் டமாஸ்கஸ். அங்கிருந்து தெற்கே ஹௌரான், அங்கேயும் உழவர் வீடுகள்தான், எரிமலைக் கருங்கல்லில், கூரையும் கதவும்கூடக் கல்லில். நெட்வொர்க் கிடைத்தால் அங்கிருந்து எழுதுகிறேன்.